ஊரில் எந்தப் பக்கம்?



காவிரிப் படுகையில் பிறந்த நம் எல்லோருக்கும் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு. பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர் கேட்பார்: "தம்பிக்கு எந்த ஊரு?" ஊர்ப் பெயரைச் சொல்வோம். அவருக்கு அது போதாது. "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார். கோயில் பக்கமா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கமா என்று தெரிந்துகொண்டால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். நம் சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி அது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே நாம் வளர்ந்தோம். இன்று அதே கேள்வியை நாம் திருப்பிக் கேட்கப்போகிறோம். வெளியிலிருந்து வந்து நம் மண்ணில் தங்கி, கண்டதை எழுதி வைத்துவிட்டுப் போனவர்களைப் பார்த்துக் கேட்கப்போகிறோம்: ஐயா, அம்மா, நீங்கள் ஊரில் எந்தப் பக்கம் தங்கினீர்கள்?

ஓர் அமெரிக்கர் இங்கிலாந்தில் போய்க் குடியிருந்தால், முதல் மாதத்து எண்ணங்களை ஊருக்கு எழுதுவார். மழை ஓயவில்லை, தேநீருக்குப் பால் ஊற்றுகிறார்கள், வண்டி சாலையின் இடப்பக்கம் போகிறது என்றெல்லாம் எழுதுவார். அப்படிப்பட்ட எழுத்தைப் படிப்பதில் ஒரு சுவை இருக்கிறது. ஆனால் அவர் லண்டனில் கோமான்கள் தெருவில் அறை எடுத்தாரா, துறைமுகத் தொழிலாளர் தெருவில் எடுத்தாரா என்பதைப் பொறுத்து அவர் கண்ட இங்கிலாந்தே வேறாகிவிடும். தஞ்சைக்கு இது நூறு மடங்கு பொருந்தும். ஏனென்றால் இங்கே ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போவதே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போவது போல.

வந்தவரின் முதல் நாள்

தஞ்சாவூர் நெல் வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு பழைய ஊரின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். கோயில், குளம், அக்கிரகாரம். அதற்கு அடுத்துக் குடியானத் தெருக்கள். நடுவில் வயல், வாய்க்கால். அதற்கு அப்பால் சேரி. பேச்சுவழக்கில் 'ஊர்' என்றால் சேரி அதில் சேராது. "ஊருக்குள்ள போயிட்டு வரேன்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது, தாம் ஊருக்கு வெளியே இருப்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

இப்படி ஓர் இடத்துக்குப் புதிதாக வருகிறவருக்கு முதல் நாளே மூன்று தேவைகள். படுக்க இடம் வேண்டும். குடிக்கத் தண்ணீர் வேண்டும். கேட்பதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். இந்த மூன்றையும் கொடுக்க வசதி உள்ளவர் பெரிய வீட்டுக்காரர். சாலை அவர் வீட்டு வாசல் வரை வரும். சேரிக்கு வரப்பு மேலே நடக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் முழங்கால் சேறு. வந்தவர் நல்லவராகவே இருக்கலாம், கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவராக இருக்கலாம். ஆனாலும் அவருடைய திண்ணையை ஊர்தான் முடிவு செய்கிறது. திண்ணையிலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் முதல் பார்வை.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். கணக்கெடுக்க வந்த ஒருவரைப் பற்றி அடிக்கடி சொல்வார். "தெரு முனையிலயே நின்னுக்கிட்டு நூறு கேள்வி கேட்டாரு. நல்ல மனுசன். ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடுத்தேன், வாங்கல." அந்த மனிதரின் தாளில் நம் தெரு எப்படிப் பதிவானது என்பது நமக்குத் தெரியாது. ஆனால் பாட்டியின் மனதில் அவர் எப்படிப் பதிவானார் என்பது தெரியும்.

அக்கிரகாரத்துத் திண்ணை

நாங்கள் சமூகவியல் முதுகலை படித்தபோது பாடமாக வந்த புத்தகங்களில் ஒன்று ஆந்த்ரே பெத்தேய் எழுதிய 'சாதி, வர்க்கம், அதிகாரம்'. 1965இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அவர் சந்தனநகரில் பிறந்தவர். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் வங்காளி. 1961-62இல் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். அந்த ஊருக்குப் புத்தகத்தில் அவர் வைத்த புனைபெயர் ஸ்ரீபுரம்.

அது கூர்மையான புத்தகம். நிலம் கை மாறுவதையும், பஞ்சாயத்திலும் கட்சியிலும் அதிகாரம் பார்ப்பனரிடமிருந்து நழுவுவதையும், சாதியும் வர்க்கமும் முன்புபோல ஒன்றோடொன்று பொருந்தி நிற்காமல் விலகுவதையும் அவர் காட்டுகிறார். ஆனால் அவர் தங்கியது அக்கிரகாரத்து வீடு ஒன்றில். இதை மறைக்கவில்லை, தாமே முன்னுரையில் எழுதுகிறார். அக்கிரகாரத்தோடு சேர்த்தே மற்றவர்கள் தம்மைப் பார்த்தார்கள் என்றும், அதனால் ஆதிதிராவிடர்களோடு இயல்பாகப் பழக முடியவில்லை என்றும், அவர்களைப் பற்றித் தமக்குக் கிடைத்த செய்தி குறைவு என்றும் ஒப்புக்கொள்கிறார். அந்த நேர்மைக்கு நாம் தலைவணங்குகிறோம்.

ஆனால் வகுப்பறையில் நடந்தது வேறு. முன்னுரையை யாரும் படிக்கவில்லை. உள்ளே இருந்த படம்தான் 'தஞ்சைக் கிராமம்' என்று பாடமானது. நம் தெருவை நாமே தூரத்துச் சாலையில் நின்று பார்ப்பது போல இருந்தது அந்தப் படிப்பு. வயலுக்கு அப்பால் கூரைகள் தெரிகின்றன. உள்ளே யார் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது கேட்கவில்லை.

வரப்பைத் தாண்டியவர்

அதற்குப் பத்தாண்டுகள் முன்பு ஒரு பெண் வந்தார். காத்லீன் கஃப். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் 1925இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர். 1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டத்தின் இரண்டு கிராமங்களில் ஆய்வு செய்தார். அவர் வைத்த பெயர்கள் கும்பபேட்டை, கிரிப்பூர். அவை வெறும் இரண்டு ஆண்டுகள் அல்ல. பண்ணையாள்களையும் குத்தகைதாரர்களையும் காப்பதற்கென்று தஞ்சை மாவட்டத்துக்கு மட்டும் தனியாக ஓர் அவசரச் சட்டம் வந்தது 1952இல்தான். கீழத்தஞ்சையில் செங்கொடி ஏறி, மிராசுதார்கள் நடுங்கிக்கொண்டிருந்த நேரம்.

1950களில் அவர் எழுதிய கட்டுரைகளில் பள்ளர் தெருக்கள் வெறும் கூரைகளாக இல்லை. அங்கே தெருக்கூட்டம் உண்டு, நாட்டாண்மை உண்டு, தங்களுக்குள் சமம் என்ற எண்ணம் உண்டு என்பதை அவர் எழுதினார். இன்னொன்றையும் குறித்தார். பார்ப்பனர் ஒருவர் பள்ளர் தெருவுக்குள் நுழைந்தால் அந்தத் தெருவுக்கே நோயும் பஞ்சமும் வரும் என்று அங்குள்ளவர்கள் நம்பினார்கள். அதாவது, தடுப்பது அக்கிரகாரம் மட்டும் என்று நினைத்திருந்தவர்களுக்கு, சேரியும் தடுத்தது என்ற செய்தி.

இது புதுச் செய்தி அல்ல. 1906இல் ஹெமிங்வே என்ற ஆங்கில அதிகாரி தொகுத்த தஞ்சாவூர் மாவட்டக் கெசட்டியரிலும் இருக்கிறது. அதற்கும் முன்பு அபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியாரும் எழுதியிருக்கிறார். வெளியிலிருந்து வந்தவர்கள் இதை ஒரு விந்தை வழக்கமாகக் குறித்து வைத்துவிட்டுப் போனார்கள். 1948இல் அண்ணல் அம்பேத்கர் தீண்டப்படாதார் யார் என்ற ஆய்வு நூலில் இதே துபுவாவையும் இதே தஞ்சாவூர்க் கெசட்டியரையும் சாட்சிக்கு எடுத்தார். மூடநம்பிக்கை என்று தள்ளவில்லை. இருபுறமும் இப்படி ஒரு விலக்கம் இருக்கிறதென்றால் அதற்குப் பின்னால் பழைய பகை ஒன்று இருக்க வேண்டும் என்று கேட்டார். அந்தப் பகை பௌத்தத்துக்கும் பார்ப்பனியத்துக்கும் இடையிலானது என்ற முடிவுக்கு அதன் வழியே நடந்தார். அவருடைய முடிவை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பயணி குறித்து வைத்த அதே இரண்டு வரி, நம் பக்கத்திலிருந்து படித்தபோது வரலாறாக மாறியது.

கஃப் 1976இல் திரும்பி வந்தார். அதே ஊர்களை மறுபடியும் பார்த்தார். 1981இலும் 1989இலும் இரண்டு பெரிய நூல்கள் வந்தன. இடைப்பட்ட காலத்தில் அவர் மார்க்சியத்தின் பக்கம் உறுதியாக வந்திருந்தார். மானிடவியல் ஏகாதிபத்தியத்தின் பிள்ளை என்று தம் துறையையே குற்றம் சாட்டியிருந்தார். கனடாவில் பல்கலைக்கழக வேலையை இழந்திருந்தார். முதல் வருகையில் உறவுமுறையையும் சடங்கையும் தேடியவர், பின்பு கூலியையும் நிலத்தையும் தேடினார். முதல் பார்வையைத் திருத்திக்கொள்ள இருபத்தைந்து ஆண்டு கழித்துத் திரும்பி வருகிறவர்கள் குறைவு.

தங்கியவர்

பெத்தேயும் கஃபும் புத்தகம் எழுத வந்தார்கள். வேறு வேலைக்காக வந்த ஒரு வெளியூர்க்காரரையும் இங்கே நினைக்க வேண்டும். தோழர் பி. சீனிவாசராவ். தென்கன்னட மாவட்டத்துக்காரர், கன்னடம் தாய்மொழி, பிறப்பால் பார்ப்பனர். 1943இல் கம்யூனிஸ்ட் கட்சி அவரைக் கீழத்தஞ்சைக்கு அனுப்பியது. அவர் சேரியில் தங்கினார். நம் வீட்டில் கிடைத்ததைச் சாப்பிட்டார்.

பண்ணையாள்களுக்குக் கொடுக்கப்பட்ட தண்டனை அப்போது சவுக்கடியும் சாணிப்பாலும். சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவது. 1843இலேயே அடிமை முறையைச் சட்டம் ஒழித்துவிட்டது என்று காகிதம் சொல்லும். நூறு ஆண்டு கழித்தும் களத்துமேட்டில் சவுக்கு தொங்கியது. சாலையில் போன பயணிகளின் குறிப்புகளில் பச்சை வயலும் கோயில் கோபுரமும் இருக்கும். சாணிப்பால் தெரிய வேண்டுமானால் சேரியில் படுத்து எழுந்திருக்க வேண்டும். சங்கம் எழுந்தது. 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு எழுதப்பட்டது.

இதிலும் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. பி.எஸ்.ஆர். எங்கே பிறந்தார், எந்த ஆண்டில் வந்தார் என்பது நமக்குத் தெரியும். களப்பாள் குப்பு போன்ற சிலர் பெயர் தெரியும். ஆனால் அவருக்குச் சோறு போட்ட பெண்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? போலீஸ் வந்தபோது அவரை வைக்கோல் போருக்குப் பின்னால் மறைத்தவர் யார்? வந்தவரின் கதையை எழுதினோம். வரவேற்றவரின் கதையை எழுதவில்லை.

நாம் போய்த் தங்கியபோது

பயணி எப்போதும் வெள்ளைக்காரர், நாம் எப்போதும் பார்க்கப்படுகிறவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நாமும் போனோம். தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1930இல் அண்ணலோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். 1939இல் தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். சிறிய புத்தகம்தான். ஆனால் சேரியில் பிறந்த ஒருவர் உலகத்தைத் தம் கண்ணால் பார்த்து எழுதியது அது.

அண்ணல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்குத் திரும்பிய கதையை அவரே எழுதியிருக்கிறார். அந்தச் சிறு நூலுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பெயர். அயல்நாட்டாருக்குத் தீண்டாமை இருப்பது தெரியும், ஆனால் பக்கத்தில் இருந்து பார்க்காததால் அதன் கொடுமை புரியாது என்றுதான் தொடங்குகிறார். வெளிநாட்டில் இருந்த ஆண்டுகளில் தாம் தீண்டத்தகாதவர் என்ற நினைப்பே போய்விட்டது என்கிறார். பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும் அந்த நினைப்பு திரும்பி வருகிறது. எப்படி? 'எங்கே தங்குவது?' என்ற ஒரே கேள்வியாக. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஆட்கள் வந்து வெளியேற்றினார்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொருவருக்கு இதன் மறுபக்கம் நேர்ந்தது. 1959இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தார். பிரதமரின் விருந்தினர். திருவனந்தபுரத்தில் தீண்டத்தகாதோரின் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்தேன், பிறகு என் நாட்டில் என் மக்கள் இருக்கும் நிலையை எண்ணிப் பார்த்து, ஆமாம், நானும் அதுதான் என்று சொல்லிக்கொண்டேன் என்று கிங் பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். பிரதமர் மாளிகை விருந்தில் அவருக்குக் கிடைக்காத அறிவு அது. அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் கிடைத்தது.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். முதுகலைப் படிப்பில் களஆய்வுக்காக நாங்கள் மூன்று பேர் வேறொரு வட்டத்து ஊருக்குப் போனோம். மூவரில் இருவர் சேரியில் பிறந்தவர்கள். பெரிய தெருவில் ஒருவர் வீட்டு மாடியைத் தங்கக் கொடுத்தார்கள். முதல் இரவு சாப்பாட்டின்போது வீட்டுக்காரர் அன்பாகக் கேட்டார்: "உங்க ஊர்ல எந்தப் பக்கம் தம்பி?" கோயில் பக்கம் என்று சொல்லிவிட்டோம். மறுநாள் அந்த வீட்டுக்காரர் துணையோடு சேரிக்குப் போனோம். கேட்டதற்கெல்லாம் "ஒண்ணும் குறையில்லீங்க" என்றே பதில் வந்தது. படிவத்தில் அப்படியே எழுதினோம். மூன்றாம் நாள் ஓர் அம்மா எங்களில் ஒருவரின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ யாரு வீட்டுப் புள்ள? உண்மையச் சொல்லு" என்றார். சொன்னோம். அதற்குப் பிறகுதான் கூலி எவ்வளவு குறைவு, சுடுகாட்டுக்குப் பாதை எங்கே அடைபட்டது, எந்தக் கடையில் தனி டம்ளர் என்பதெல்லாம் வந்தது. முன்பு நிரப்பிய படிவங்களைக் கிழித்துப் போட்டோம். சேரியில் பிறந்த நமக்கே திண்ணை இப்படிக் கண்ணை மறைக்குமென்றால், வேறு கண்டத்திலிருந்து வந்தவரை மட்டும் குறை சொல்வது எப்படி?

பெயர் மறைத்த ஊரும் பெயர் மறையாத ஊரும்

ஸ்ரீபுரம், கும்பபேட்டை, கிரிப்பூர். இந்த மூன்று பெயரையும் வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. ஊர் மக்களுக்குச் சங்கடம் வரக் கூடாது என்று ஆய்வாளர்கள் பெயரை மாற்றுவார்கள். அது அவர்கள் துறையின் ஒழுக்கம். ஆனால் அதன் விளைவு, அந்த ஊர்ச் சேரியின் பேரப்பிள்ளைகளுக்குத் தம் பாட்டன் பாட்டியைப் பற்றி உலகம் படிக்கிறது என்பதே தெரியாமல் போகலாம்.

பெயரை மறைக்க முடியாத ஊர் ஒன்று நம்மிடம் இருக்கிறது. கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு. கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்ட மக்கள். ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 உயிர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அமெரிக்காவில் படித்து, நியூயார்க்கில் ஐ.நா.வில் வேலை பார்த்து, அதே ஆண்டு நாடு திரும்பியிருந்த மைதிலி சிவராமன் வெண்மணிக்குப் போனார். எரிந்த தெருவுக்குள் நின்று, மிச்சமிருந்தவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார். வெண்மணியைப் பற்றி வெளியுலகம் ஆங்கிலத்தில் அறிந்ததில் பெரும்பங்கு அவர் எழுத்தால் வந்தது.

1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. வசதியும் நிலமும் படைத்த, கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற பொருளில் தீர்ப்பு பேசியது. தோழர்களே, அதுவும் ஒரு திண்ணைப் பார்வைதான். சாலையிலிருந்து பார்த்தால் பெரிய மனிதர் காரில் போகிறவர். சேரியிலிருந்து பார்த்தவர்கள் அவர் நடந்து வந்ததைக் கண்டார்கள். கண்டவர்கள் சொன்னது நிற்கவில்லை. எங்கே தங்கினார், எங்கிருந்து பார்த்தார் என்பது படிப்பறைப் பிரச்சினை என்று யாராவது சொன்னால், இந்தத் தீர்ப்பை அவர்களுக்கு எடுத்துக் காட்டுங்கள். பார்க்கும் இடம் தவறினால் கொலையும் தெரியாமல் போகும்.

நாம் செய்ய வேண்டியது

வெளியிலிருந்து வருகிறவர்களை நாம் வெறுக்கவில்லை. வரட்டும். புதுக் கண்ணுக்குத் தெரிவது பழகிய கண்ணுக்குத் தெரியாமலும் போகும். தெருக்கூட்டத்தைக் கஃப் எழுதாவிட்டால் நாமே அதை மறந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு புத்தகத்தையும் திறக்கும்போது முதலில் அந்தக் கேள்வியைக் கேட்போம். எங்கே தங்கினார்? யார் தண்ணீர் கொடுத்தார்கள்? யார் மொழிபெயர்த்தார்கள்? பேசும்போது பக்கத்தில் யார் நின்றார்கள்? நம் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கும் பாடத்திலும் இந்த நான்கு கேள்விகளை எழுப்பட்டும்.

அடுத்தது நம் வேலை. இந்தத் தை அறுவடை முடிந்ததும் மன்றத்து இளைஞர்கள் ஒரு நோட்டோடு அவரவர் தெருவிலேயே உட்காருங்கள். சாணிப்பாலைக் கேட்டறிந்த கடைசித் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. 1952இல் பண்ணையாள் சட்டம் வந்தபோது வீட்டில் என்ன பேசினார்கள், சங்கத்துக்காரருக்குச் சோறு போட்டது யார், தெருவுக்குள் வந்த வெளியாள் எப்படி நடந்துகொண்டார் என்று கேளுங்கள். சொன்னவரின் பெயரை, அவர் சம்மதித்தால், மாற்றாமல் எழுதுங்கள். ஊர்ப் பெயரை எழுதுங்கள். தெருப் பெயரையும் எழுதுங்கள்.

எந்தப் பக்கம் என்று இனி யாராவது கேட்டால் நாம் கோயில் பக்கம் என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்று சொல்வோம். அங்கிருந்து பார்த்தால் என்ன தெரிந்தது என்று கேட்டால், கொடுப்பதற்கு நம் கையில் ஒரு புத்தகம் இருக்கட்டும்.

வெண்மணி ஈகியருக்கு வீரவணக்கம்.